சலேத்துப் பாரு

மூன்றாவது தடவையும் கருவி எதுவும் இணைக்கப்படவில்லை என்று கம்ப்யூட்டர் இங்கிலீஷில் சொன்னபோது மெட்டில்டாவுக்குக் கோபம் வரவில்லை. வேறு சமயமாக இருந்தால் வந்திருக்கும். பங்குப் பள்ளிக்கூட ஆபீசில் பதினோரு வருஷமாக டி.சி.யும் வருகைப் பதிவும் அடித்துக் கொடுக்கிறவள், பிரின்டர் முரண்டு பிடித்தால் அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி, சனியனே என்று ஆரம்பிக்கிற ஆள். ஆனால் இந்த மூன்று வாரமாக அவளுக்கு ஒரு வியாதி, எதைப் பார்த்தாலும் நன்றி சொல்லிவிடுகிற வியாதி. குழாயில் தண்ணி வந்தால் மாதாவே நன்றி, கரண்ட் போகாமல் இருந்தால் நன்றி, போய்த் திரும்பி வந்தால் அதற்கும் நன்றி. தஸ்நேவிஸ் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறான், இருபத்திரண்டு வருஷமாகத் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு படுத்தவள் இப்போது அந்தச் சத்தம் நிற்கிற இடத்தில் எழுந்து உட்கார்ந்து பார்க்கிறாள். ஐந்து நாள் கடலில் காணாமல் போய் வந்த புருஷன். அவன் இன்றைக்குத்தான் திரும்பவும் கடலுக்குப் போயிருக்கிறான், தன் போட்டில் இல்லை, எஞ்சின் இன்னும் பட்டறையில் கிடக்கிறது, கயத்தான் போட்டில் கூலிக்கு. விடியுமுன் போனவன் அஞ்சு மணிக்கு வருவான். இப்போது மணி பன்னிரண்டரை. கடல் பக்கம் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தாள், காற்றுச் சத்தம் கேட்டால் கை ஓடாது என்று. மேசையில் இரண்டு ஜி.பி.எஸ். செட்டு கிடக்கிறது, உள்ளங்கை அகலத்தில், சாம்பல் நிறத்தில், ஒரே கம்பெனி ஒரே அச்சு. ஒன்று தஸ்நேவிஸுடையது, பொத்தானெல்லாம் தேய்ந்து எழுத்து அழிந்தது. மற்றது, கடலிலிருந்து அவனை இழுத்துக்கொண்டு வந்த பக்கத்து ஊர், முத்தந்துறை இஞ்ஞாசி அண்ணனுடையது. அவர் நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் தஸ்நேவிஸ் செட்டில் இருக்கிறதைக் கம்ப்யூட்டருக்கு எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து அவர் செட்டுக்கு ஏற்ற வேண்டும். தூத்துக்குடியில் செட் ரிப்பேர் பார்க்கிற கடையிலிருந்து கேபிளும் சி.டி.யும் இரவல் வாங்கி வந்தாயிற்று. கேபிளின் ஒரு முனை செட்டின் முதுகில் உருண்டையாகப் போய் உட்கார்ந்தது, மறுமுனையில் ஒன்பது ஓட்டை. இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் அதற்கு இடமே இல்லையாம், கடைக்காரன் சொன்னான். பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்டதை வாங்கி வந்த கம்ப்யூட்டர் இது, முதுகில் ஒன்பது ஊசியோடு அப்படியே இருந்தது. அதற்கும் ஒரு நன்றி சொன்னாள்.

மாட்டியது சரி, பேசவில்லையே. கேபிளைப் பிடுங்கினாள், ஊதினாள், சொருகினாள், திருகை இறுக்கினாள். செட்டின் பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனதில், எந்தப் பாஷையில் பேச வேண்டும் என்று கேட்கிற ஒரு பக்கம் வந்தது. அதில் நாலு பெயர். முன்னே ரிப்பேருக்குப் போனபோது கடைக்காரன் எதையோ சோதித்துவிட்டு மாற்றாமலே விட்டிருக்கிறான். இது ஒரு பாஷையில் கத்திக்கொண்டிருக்கிறது, கம்ப்யூட்டர் வேறு பாஷைக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது, ரெண்டும் செவிடில்லை, பாவம். மாற்றி வைத்தாள். உடனே திரையில் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. அவ்வளவுதானா, இதுக்கா முக்கால் மணி நேரம், என்று நினைத்தாள். ஒரு எண் மாறினால், ஒரு பாஷை மாறினால், கூப்பிடுகிற குரல் கேட்காது. அன்றைக்கும் அதுதானே நடந்தது. இதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து அவள் தள்ளித் தள்ளி வைத்தது, பச்சைக் கோட்டோடு சேர்ந்து வந்துவிட்டது. சலேத்துப் பாரு. கடலுக்கடியில் ஒன்றரை மைல் நீளத்துக்குக் கிடக்கிற பாறைத்திட்டு, விளமீனும் களவாயும் அடைந்து கிடக்கிற இடம். மாமனார் ஒரு சலேத் மாதா திருநாளன்றைக்குக் கண்டுபிடித்தது, கூடப் பிறந்த தம்பிக்குக்கூடச் சொல்லாமல் மகனுக்கு மட்டும் சொல்லிவிட்டுச் செத்தார். இந்த வீடு அந்தப் பாரு போட்ட வீடு. மகள் ஜெனிட்டா நர்சிங் படிப்பது அந்தப் பாரு படிக்க வைக்கிற படிப்பு. அமலித்துறையில் இப்படி வீட்டுக்கு வீடு ஒரு பாரு உண்டு, எவனும் எவனிடமும் சொல்ல மாட்டான். செட்டில் இடத்தைப் பதித்து வைக்கும்போது நிஜ எண்ணை எவன் பதிப்பான்? செட்டு களவு போகும், இரவல் போகும், ரிப்பேருக்குப் போகும். ஆகவே ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்து எண்ணை நகர்த்திப் பதிப்பார்கள். கணக்கு தெரிந்தவனுக்குப் பாரு, தெரியாதவனுக்குச் சேறு. தஸ்நேவிஸ் வைத்த கணக்கு அவர்கள் கல்யாணத் தேதி, அஞ்சாம் மாசம் ஒன்பதாம் தேதி. வடக்கு எண்ணில் அஞ்சு நிமிடம், கடல் கணக்கில் நிமிடத்துக்கு ஒரு மைல், கூட்டிவிடுவான், கிழக்கு எண்ணில் ஒன்பது நிமிடம் கழித்துவிடுவான். செட்டு வாங்கிய அன்றைக்கு அவளிடம் சொன்னான், வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான், அவனுக்கு அவ்வளவு காதல் உண்டென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. உலகத்தில் ரெண்டே பேருக்குத் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்குதான் அவனைக் கொல்லப் பார்த்தது.

பாருக்கு மேலேதான் நங்கூரம் போட்டிருந்தார்கள், அவனும் கூட ரெண்டு பேரும். எஞ்சின் நின்றுபோனது, காற்று எழும்பியது, நங்கூரக் கயிறு அறுந்தது. வயர்லெஸ்ஸில் உயிர் கொஞ்சந்தான் இருந்தது. கரையைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னான். செட்டைப் பார்த்து வாசித்திருந்தால் நிற்கிற இடத்தை அது நிஜமாகக் காட்டியிருக்கும். பார்க்கவில்லை. சலேத்துப் பாரு அவனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் மனப்பாடம், மனப்பாடமாகவே சொன்னான், இருபது வருஷமாகச் செட்டில் படித்துப் படித்து நாக்குக்குப் பழகிப்போன பொய் எண்ணை. சொன்னதும் வயர்லெஸ் செத்தது. அமலித்துறையிலிருந்து பதினேழு போட்டு போனது, சும்மா சொல்லக் கூடாது, ஒருத்தர் பாக்கியில்லாமல் போனார்கள். அவன் சொன்ன இடத்துக்கே போய், அஞ்சு மைல் வடக்கேயும் ஒன்பது மைல் கரைப் பக்கமும் தள்ளி, ஒன்றுமே இல்லாத தண்ணியை ரெண்டு நாள் சல்லடை போட்டார்கள். அவள் கரையில் நின்றுகொண்டிருந்தாள். அந்த எண்ணை யாராவது அவள் காதுபட ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், அஞ்சும் ஒன்பதும் அவளுக்குத் தெரியுமே, கடலைப் பார்த்துக் கத்தியிருப்பாளே. யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வந்த மூன்றாம் நாள்தான் அவனுக்கே அது உறைத்தது. சோற்றில் கை வைத்தபடியே, "ஏட்டி, நாந்தான் தப்பாச் சொன்னேன்" என்றான். "யார்ட்டயும் சொல்லிராத" என்று சொல்லிவிட்டு அழுதான். தட்டிலிருந்த சோறெல்லாம் காய்ந்து போயிற்று அன்றைக்கு.

பதித்து வைத்த இடங்கள், நூற்றுப் பதினேழு பாயின்ட், வந்து இறங்கிவிட்டது, வரிசையாகத் திரையில். அவன் ஆயுசே இவ்வளவுதானா என்று தோன்றியது, ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டதே. பட்டியலை இறக்கிக்கொண்டே போனாள். கல்லு, கல்லு இரண்டு, சங்கு, வலை கிழிஞ்சது, ஜெனி பிறந்த அன்னைக்கு. இதென்ன பெயர். ஜெனிட்டா பிறந்த அன்றைக்கு இந்த மனுஷன் கடலில் இருந்தான், அவள் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்து அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள், இன்றுவரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். அந்நேரம் நடுக்கடலில் நின்ற இடத்தை மறக்கக் கூடாதென்று பதித்து வைத்திருக்கிறான், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். எப்போதாவது சண்டையில் சொல்லியிருக்கலாமே, மண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் வந்தது சலேத்து ஒன்று, சலேத்து இரண்டு, பத்தொன்பது வரைக்கும். எந்த நீரோட்டத்துக்கு எங்கே நங்கூரம், எந்த மூலையில் தூண்டில் சிக்கும், எங்கே இறக்கினால் களவாய், எல்லாம். வடக்கு எட்டு டிகிரி இருபத்தொன்று புள்ளி நாலு, கிழக்கு எழுபத்தெட்டு டிகிரி முப்பத்துநாலு புள்ளி ஒன்று. பொய். எல்லாம் அழகாகக் கோர்த்த பொய். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே தஸ்நேவிஸ் சொன்னான், "இஞ்ஞாசி அண்ணன் செட்டுல சலேத்துப் பாரை ஏத்திக் குடுத்துரு." அவ்வளவுதான் சொன்னான். இருக்கிறபடியேவா, திருத்தியா? அதைச் சொல்லவில்லை. அவளும் அந்த இருட்டில் டார்ச்சைத் தேடிக்கொண்டு நின்றவள் கேட்கவில்லை. மறுபடி அதே தப்பு, சொல்லாமல் ஒருத்தன், கேட்காமல் ஒருத்தி. மறந்துவிட்டானா, இல்லை, வேண்டுமென்றே சொல்லாமல் போனானா. அவன் நல்லவன்தான், ஆனால் அவனும் அந்த அப்பனுக்குப் பிறந்தவன். உயிரைத் திருப்பிக் கொடுத்தவருக்குப் பாரைக் கொடுத்தோம் என்று ஊரும் சொல்லும், பாரும் வீட்டோடு இருக்கும். இஞ்ஞாசி அண்ணன் அங்கே போய்த் தூண்டிலை இறக்குவார், சேறு வரும். ஒரு தடவை இறக்குவார், ரெண்டு தடவை இறக்குவார், அப்புறம் அவருக்குப் புரியும். அவரும் கடல்காரர்தானே, அவர் செட்டிலும் ஒரு கணக்கு இருக்கும். ஒன்றும் கேட்க மாட்டார். போனில் கூப்பிட்டுக் கேட்கலாமென்றால் கடலில் எங்கே எடுக்கும். மணி ஒன்று ஐம்பது.

முத்தந்துறைக்காரருக்கு அமலித்துறைக்காரன் பாரைக் கொடுப்பது என்பது சின்ன விஷயமில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ரெண்டு ஊருக்கும் வலையறுப்புச் சண்டை, முத்தந்துறை வலைகளை ராவோடு ராவாக அறுத்து விட்டது இந்த ஊர்க்காரர்கள்தான், இஞ்ஞாசி அண்ணன் வலையும் அதில் போனது. அன்றையிலிருந்து பஸ்ஸில்கூட ரெண்டு ஊரும் பக்கத்தில் உட்காராது. அப்படிப்பட்ட ஊர்க்காரர் எட்டு மணி நேரம் இவர்கள் போட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஐஸில் கிடந்த அவர் மீன் பாதி அழுகிப் போனது, இழுத்த இழுப்பில் எஞ்சின் வெந்தது, அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் கடலுக்கே போகவில்லை. ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று தஸ்நேவிஸ் ரெண்டு தடவை போய்க் கேட்டும் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். கடைசியில் பாரைத் தருகிறேன் என்றதும் கீழே பார்த்துக்கொண்டு இருந்தாராம். மறுநாள் செட்டைக் கொடுத்து அனுப்பினார். அவள் முத்தந்துறை திசையைப் பார்த்து இப்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்கிறாள், ஊரில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் மாதா படத்துக்கு முன்னால் அவர் பேருக்கு ஒரு மெழுகுதிரி. அதே மூச்சில் ஒரு சாபமும் உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஏழு, ஏழரை மணிக்கு முதலில் வேறொரு போட்டு வந்ததாம். சூரியன் பக்கமிருந்து வந்தது, கண் கூசியதில் எந்த ஊர்ப் போட்டென்று தெரியவில்லை. மூன்று பேரும் சட்டையைக் கழற்றி வீசினார்கள், தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்தப் போட்டு நின்றது. நின்று பார்த்தது. பார்த்துவிட்டுப் போய்விட்டது. "நின்னான்டி. நின்னு பாத்துட்டுத்தான் போனான்." பதினொன்றரைக்கு மேற்கேயிருந்து இஞ்ஞாசி அண்ணன் வந்து சேருகிறவரைக்கும் அந்த நாலு மணி நேரந்தான் அஞ்சு நாளில் பெரிய நாலு மணி நேரம் என்பான் தஸ்நேவிஸ், கூட வந்த பையன் ஒருத்தன் தண்ணியில் குதிக்கப் பார்த்ததும் அப்போதுதான். அந்தப் போட்டுக்காரன் நாசமாய்ப் போவான், அவன் பிள்ளைகளும் இப்படி ஒரு நாள் தொண்டை கிழியக் கத்தட்டும். இஞ்ஞாசி அண்ணனுக்கு மெழுகுதிரி, அவனுக்குச் சாபம், ரெண்டையும் சேர்த்து முடித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

இனி யோசித்தால் நேரம் போய்விடும் என்று கேபிளைக் கழற்றி இஞ்ஞாசி அண்ணன் செட்டில் மாட்டினாள். அது உடனே பேசியது, நல்ல செட்டு. ஏற்றுவதற்கு முன்னால் அதில் இருக்கிறதையெல்லாம் ஒரு தடவை கம்ப்யூட்டருக்கு எடுத்து வைத்துவிட வேண்டும் என்று கடைக்காரன் எச்சரித்திருந்தான், அனுப்பு என்பதற்கும் வாங்கு என்பதற்கும் அம்புக்குறி ஒன்றுதான் வித்தியாசம், மாற்றி அழுத்தினால் அவர் சேர்த்ததெல்லாம் அழிந்துவிடும். பயந்து பயந்து அம்பைப் பார்த்து, விரலை வைத்துச் சரிபார்த்து, வாங்கு என்று அழுத்தினாள். அவருடைய பாயின்ட்கள் வந்தன, அவற்றை அவள் பார்க்கவில்லை, அடுத்தவர் வீட்டுக் கணக்கு. பாயின்ட்டோடு ஒரு கோடும் வந்தது. செட்டைப் போட்டுவிட்டால் அது போகிற வழியெல்லாம் தானே கோடு போட்டுக்கொண்டு போகும், புதுப் பயணம் பழையதைத் தின்றுவிடும். அவர்தான் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லையே. ஆக இது அந்தப் பயணம். அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. என் புருஷனைக் கொண்டுவந்த கோடு. இதை ஒரு தாளில் எடுத்து மாதா படத்துக்குக் கீழே ஒட்டலாமா என்றுகூட நினைத்தாள். கோட்டின் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தால் தேதியும் நேரமும் காட்டியது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி, ஆழ்கடலிலிருந்து கரையைப் பார்த்து வருகிறது. ஆறரை. ஏழு. ஏழு இருபதில் ஒரு முடிச்சு. கோடு அங்கேயே நிற்கிறது. ஏழு முப்பத்தொன்று வரைக்கும் நிற்கிறது. இங்கேதான் கண்டாரா? அப்படியானால் இங்கேயிருந்து மெல்ல, இழுத்துக்கொண்டு வருகிற வேகத்தில் அல்லவா போக வேண்டும். வேகமாகப் போகிறது. நேராகக் கரையைப் பார்த்துப் போகிறது. அம்பைக் கோட்டின் மேலேயே நகர்த்திக்கொண்டு போனாள். எட்டு. எட்டரை. ஒன்பது. ஒன்பது பதினொன்றில் கோடு சட்டென்று வளைந்தது, வந்த வழியிலேயே திரும்பியது. பத்து ஐம்பத்தொன்றுக்கு அதே முடிச்சு நின்ற இடம். அங்கே ஒன்றும் இல்லை போலிருக்கிறது, நீரோட்டம் இழுத்துப் போயிருக்கும், கோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளைந்து வளைந்து போகிறது. பதினொன்றரைக்கு நிற்கிறது. அப்புறம் மெல்ல, மிக மெல்ல, எட்டு மணி நேரம், கரை வரைக்கும்.

மெட்டில்டா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நின்னான்டி, நின்னு பாத்துட்டுத்தான் போனான். சூரியன் பக்கமிருந்து வந்து போனதும் மேற்கேயிருந்து திரும்பி வந்ததும் ஒரே போட்டு. மூன்று வாரமாக அவள் மெழுகுதிரி ஏற்றியதும் நாசமாய்ப் போக வேண்டினதும் ஒரே ஆளுக்கு. பதினோரு நிமிடம் நின்று பார்த்திருக்கிறார். போட்டில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயர் தெரிந்திருக்கும். அமலித்துறை. சாகட்டும் என்று போயிருக்கிறார். அவளுக்கு முதலில் வந்தது கோபந்தான், நல்ல சூடான கோபம், நன்றி வியாதியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தப் பையன் குதித்திருந்தால்? இவுக மயங்கி விழுந்திருந்தால்? இதற்கு மெழுகுதிரி வேறு. கை தானாக மவுஸைப் பிடித்தது. பத்தொன்பதையும் இருக்கிறபடியே அனுப்பிவிடு, கூட்டாதே, கழிக்காதே, சேற்றில் போய் இறக்கட்டும், தஸ்நேவிஸ் சொன்ன வார்த்தையும் காப்பாற்றியதாகிறது. அனுப்பு என்கிற அம்பின் மேல் வைத்தாள். அழுத்தவில்லை. ஏன் அழுத்தவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை, கண் கோட்டின் வளைவிலேயே நின்றது, ஒன்பது பதினொன்று. அங்கே என்ன நடந்தது? போட்டில் நாலு பேர் இருந்திருப்பார்கள். ஒருத்தரும் பேசியிருக்க மாட்டார்கள். மீன் நிறைய இருக்கிறது, கரை வருகிறது, எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறது. யாராவது தண்ணி குடித்திருப்பார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு மூடியைப் போட்டிருப்பார்கள். அவளுக்கு அந்தப் பேச்சில்லாமை தெரியும். எங்கே பார்த்தாள் அதை? இதே கம்ப்யூட்டர், இதே பொத்தான்கள். பள்ளிக்கூட ஆபீஸ், சண்டை முடிந்து ரெண்டாம் வருஷம். முத்தந்துறை சிங்கராயனைக் காணவில்லை, தேடுவதற்குப் போட்டு அனுப்புங்கள் என்று அந்த ஊர்ச் சாமியார் ஆள் அனுப்பினார். அமலித்துறைக் கமிட்டி கூடிப் பேசி, எங்கள் படகுகள் எதுவும் தேடுதலில் கலந்துகொள்ளாது என்று தீர்மானம் போட்டது. அந்தக் கடிதத்தை அடித்தது மெட்டில்டா. ஓரத்தை ஒழுங்காக விட்டு, தேதி போட்டு, ரெண்டு பிரதி எடுத்து, கமிட்டிக்காரர் கையில் கொடுத்தாள். ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்தாள், நன்றாக இருந்தது என்று சாப்பிட்டான் தஸ்நேவிஸ். சிங்கராயன் கிடைக்கவேயில்லை. அவனுக்கும் ஒரு பெண்டாட்டி கரையில் நின்றிருப்பாள். அவள் யாரைச் சபித்தாளோ. ஒரு மணி நாற்பது நிமிடம் போய்விட்டு இந்த மனுஷன் திரும்பினார். நாங்கள் அஞ்சு வருஷமாகத் திரும்பவில்லையே. போனது பெரிசில்லை, போகிறதுக்கு அவருக்கு நியாயமிருந்தது, அறுந்த வலை இருந்தது. திரும்ப என்ன இருந்தது? ஒன்றுமில்லை. யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கப் போவதில்லை, கரையில் வந்து மீனை இறக்கிவிட்டுக் குளித்துவிட்டுப் படுத்திருக்கலாம். அவள் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் வரும் என்று பார்த்தால் சத்தமாகவே வந்தது, நல்லவேளை ஜன்னல் சாத்தியிருந்தது. அண்ணே, திரும்பினீங்களே, என்று திரையைப் பார்த்துச் சொன்னாள், பைத்தியக்காரி மாதிரி, ரெண்டு தடவை.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சலேத்து ஒன்று. வடக்கில் அஞ்சைக் கழி, இருபத்தொன்று புள்ளி நாலு பதினாறு புள்ளி நாலாயிற்று. கிழக்கில் ஒன்பதைக் கூட்டு, முப்பத்துநாலு புள்ளி ஒன்று நாற்பத்துமூன்று புள்ளி ஒன்றாயிற்று. சலேத்து இரண்டு. பத்தொன்பது பாயின்ட், முப்பத்தெட்டு எண், டி.சி.யில் பிறந்த தேதி பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, கணக்குப் போட்டு, அடித்து, திரும்பப் பார்த்தாள். பயமும் இருந்தது, இல்லையென்று எப்படிச் சொல்வது. முத்தந்துறையில் நாற்பது போட்டு. ஒருத்தர் வாய் தவறினால் ரெண்டு வருஷத்தில் பாரை வழித்துவிடுவார்கள், ஜெனிட்டாவுக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. தஸ்நேவிஸ் வந்து, இருக்கிறபடியே ஏத்தச் சொன்னா உன்னை யாருடி திருத்தச் சொன்னது என்று கேட்டால் என்ன சொல்வாள்? நாந்தான் என்று சொல்வாள். அஞ்சும் ஒன்பதும் என் கல்யாணத் தேதியுந்தான், எனக்கும் அதில் பாதி உண்டு என்று சொல்வாள். கடலில் கிடந்த புருஷனுக்காக உண்மை இடத்தைச் சொல்ல முடியாமல் போனது, கரையில் உட்கார்ந்து இந்த ஒரு ஆளுக்காவது உண்மை இடம் கொடுக்கிறேன், அதற்குமேல் மாதா பார்த்துக்கொள்ளட்டும். மூன்று நாற்பதுக்கு முடிந்தது. அனுப்பு. பச்சைக் கோடு கடைசி வரைக்கும் போய் நின்றது, பத்தொன்பது பாயின்ட் ஏற்றப்பட்டது என்றது. அந்தக் கோடு வந்த பக்கத்தை மூடப் போனபோது சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினாள். தஸ்நேவிஸுக்குத் தெரிய வேண்டுமானால் அதைக் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டியதில்லை என்று பட்டது.

இஞ்ஞாசி அண்ணன் சொன்னபடி நாலு மணிக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயசிருக்கும், வெளுத்த வேட்டி, குளித்துத் தலை வாரி வந்திருந்தார். அமலித்துறைத் தெருவில் அவர் நடந்து வந்ததை எத்தனை பேர் கதவிடுக்கில் பார்த்தார்களோ. "வாங்கண்ணே, உள்ள வாங்க" என்றாள். அவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

"செட்டை மட்டும் குடும்மா. போயிருதேன்."

"ஏத்தியாச்சு அண்ணே. சலேத்துப் பாரு பத்தொம்பது பாயின்ட்டும் இருக்கு. இதுல நீங்க கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். அப்படியே போயி இறக்கலாம்."

அவர் முகம் மாறியது. ஒரு வீட்டுக்காரி இன்னொரு ஊர்க்காரனிடம் இந்த வார்த்தையைச் சொல்வது என்னவென்று அவருக்குத் தெரியாதா. நீட்டிய கையை மெல்லக் கீழே போட்டார்.

"அழிச்சிரும்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன். தஸ்நேவிஸ் கேட்டப்ப வாயில வேண்டாம்னு வரல, ஆசை. செட்டைக் குடுத்து விட்டுட்டேன். அப்புறம் தூக்கமில்ல. எனக்கு அது ஆகாது."

"ஏன் ஆகாது?"

அவர் தெருவைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். "அன்னைக்கு உங்க ஆளுகளைக் கண்டுட்டு, மொதல்ல விட்டுட்டுத்தான் போனேன். நல்லாத் தெரிஞ்சுதான் போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும், போயிக்கிட்டே இருந்தேன்."

"ஒரு மணி நாப்பது நிமிஷம் அண்ணே" என்றாள் மெட்டில்டா.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"செட்டு கோடு போட்டு வச்சிருக்கு, இப்பத்தான் பாத்தேன். ஒரு மணி நாப்பது நிமிஷம் போயிருக்கீங்க. ஒரு மணி நாப்பது நிமிஷம் திரும்பி வந்திருக்கீங்க. வந்து, காணாம, நாப்பது நிமிஷம் தேடியிருக்கீங்க. அதைப் பாத்த பெறகுதான் பாரைத் திருத்தி ஏத்துனேன்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார், அப்படியே மெல்ல வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தலை குனிந்திருந்தது, தோள் மட்டும் அசைந்தது. அவள் பக்கத்தில் நின்றாள். எதிர்வீட்டு அமலோற்பவம் வெளியே வந்து வெளிப்படையாகவே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்தால் பார்க்கட்டும்.

"அவன் எத்தனை மணிக்கு வருவான்?" என்று கேட்டார், வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டு.

"அஞ்சு மணிக்கு."

"இருக்கேன். அவன்ட்ட நானே சொல்லணும்."

"சொல்லுங்க. சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க அண்ணே" என்றாள். கையைக் கழுவச் செம்பில் தண்ணியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, தட்டெடுக்க உள்ளே போனாள்.